முதியோர் இல்லமா, வீட்டுப் பராமரிப்பா?

இங்கிலாந்தில் பராமரிப்புப் பணிக்குப் பட்டம் தேவையில்லை. குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும், 2015இல் அறிமுகமான பராமரிப்புச் சான்றிதழ்ப் பயிற்சியும், முதியோர் இல்லத்தில் பணிபுரிவது, முதியவர்களின் வீடுகளுக்கே சென்று பராமரிப்பது ஆகிய இரு வழிகளுக்கும் பொதுவானவை.

முதியோர் இல்லத்தில் மூத்த பணியாளர் அருகிலேயே இருப்பதால், படுக்கையிலிருப்பவரைத் தூக்கி அமர்த்துவதையும் மறதிநோயாளியின் பதற்றத்தை ஆற்றுவதையும் பார்த்தே கற்கலாம். இரவுப் பணி மட்டும் கடினம்.

வீட்டுப் பராமரிப்பிலோ தனியாகச் செல்ல வேண்டும். பல இடங்களில் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பதினைந்தே நிமிடம் ஒதுக்கப்படுவதும் உண்டு. அதற்குள் ஒரு முதியவரைக் குளிப்பாட்டி உணவும் கொடுப்பது இருவருக்குமே அநீதி என்பேன். வீடுகளுக்கிடையிலான பயண நேரத்திற்கு ஊதியம் உண்டா என்பதை முதலிலேயே கேளுங்கள். ஆனால் ஒருவரைப் பல ஆண்டுகள் அவர் வீட்டிலேயே அறிந்து பராமரிக்கும் நெருக்கம் இங்கேதான் வாய்க்கும்.

புதியவர்கள் முதியோர் இல்லத்தில் தொடங்குவதே நல்லது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து இப்பணிக்குப் புதிதாக விசா பெறும் வழி மூடப்பட்டுவிட்டதால், தமிழ்நாட்டிலிருந்து முயல்வோர் எந்த முகவரிடமும் பணம் கட்ட வேண்டாம்.