ஏஐயைப் புரிந்துகொள்ள மூன்று வழிகள்: குமரி மாவட்ட மாணவருக்கு எது முதலில்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்லூரியில் படிக்கும் ஒருவர், சாட்ஜிபிடி போன்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகளிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவராக மட்டுமன்றி, அவற்றின் விடையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று பிரித்தறியத் தெரிந்தவராகவும் ஆக விரும்பினால், அவர்முன் மூன்று வழிகள் உள்ளன: ஒருநாள் பயிலரங்கு, இணையவழிப் பாடநெறி, தாம் நன்கறிந்த செய்திகளைக் கொண்டு அச்செயலியைத் தாமே சோதித்துப் பார்ப்பது.

பயிலரங்கு தயக்கத்தைப் போக்கும், சான்றிதழும் கிடைக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் கற்பிக்கப்படுவது கேள்வியை எப்படி அமைப்பது என்பதுதான். பிழை ஏன் நேர்கிறது என்பதை விளக்க ஒருநாள் போதாது.

பாடநெறி அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஸ்வயம், என்பிடெல் எனும் இந்திய அரசு சார்ந்த இணையக் கல்வித் தளங்களின் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம் கட்ட வேண்டும். ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய 'எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ' தொடக்கநிலையினருக்கு ஏற்றது. இத்தகைய செயலிகளுக்கு அடிப்படையான, 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பு எவ்வாறு இயங்குகிறது, சொற்கள் டோக்கன் எனும் துண்டுகளாக உடைக்கப்பட்டு அடுத்த துண்டு எவ்வாறு நிகழ்தகவின்படி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பவற்றை அறிந்தவருக்கு, ஒரே கேள்விக்கு இருவேறு விடைகள் வருவது வியப்பளிக்காது. ஆயினும் இவை பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சார்ந்தவை; தமிழ்வழியில் வரலாறு பயிலும் மாணவர் இரண்டாம் வாரத்திலேயே சோர்ந்துவிட வாய்ப்புண்டு.

மூன்றாம் வழிக்குச் செலவில்லை. அதன் பயனோ மிகப் பெரிது. திருவள்ளுவர் சிலையின் உயரத்தைக் கேட்டால் 133 அடி என்ற சரியான விடை வருவதற்கே வாய்ப்பு அதிகம், ஏனெனில் அது எண்ணற்ற பக்கங்களில் எழுதப்பட்ட செய்தி. அடுத்து, குமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது யார் என்று கேட்கலாம்: 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னரும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே உள்ளதால், மேலோட்டமான ஊகம் இங்கே தவறிவிடும். கடைசியாக, விளவங்கோடு வட்டத்தில் தம் ஊர்க் குளத்தின் பெயரைச் சொல்லி, அதன் மடைகளையும் பாசனப் பரப்பையும் கேட்க வேண்டும். எழுத்தில் ஏறாத அச்செய்திக்கும் முதல் விடையில் இருந்த அதே உறுதியான தொனியில் பதில் வருமானால், சரளமும் அறிவும் ஒன்றல்ல என்பதை மாணவர் நேரில் காண்கிறார். ஆதார நூல்களைக் கேட்டு, அவை உண்மையில் உள்ளனவா என்று நூலகத்தில் தேடிப்பார்ப்பதும் இச்சோதனையின் பகுதியே. இல்லாத நூலின் தலைப்பைக்கூட ஏஐ நம்பும்படியாகச் சொல்லக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது.

இவ்வழிக்கும் ஓர் எல்லை உண்டு. பிழையை அது காட்டும், காரணத்தைச் சொல்லாது. தாம் அறியாத துறையில் மாணவரால் இப்படிச் சோதிக்கவும் இயலாது. குளச்சல் மீனவர்களிடம் திரட்டிய களஆய்வுக் குறிப்புகளைப் பெயர், தொலைபேசி எண்ணுடன் செயலியில் இடக்கூடாது என்பதையும் யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே கலை, வணிகவியல் மாணவர்கள் சோதனையில் தொடங்கி, அதில் எழும் கேள்விகளுடன் பாடநெறிக்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து. கணிதமும் கணினி அறிவியலும் பயில்வோர் பாடநெறியிலேயே தொடங்கலாம். பயிலரங்கு, இவற்றுள் ஒன்றையேனும் முடித்தவருக்கே உரியது.