ஹீட் பிரஸ்: ரிப்பேர் முடிந்த கையோடு எழுதுகிறேன்

போன வாரம் என் ஹீட் பிரஸ்ஸுக்கு, அதாவது பனியனில் படமும் பெயரும் சூட்டில் அழுத்தி ஒட்டுகிற மெஷினுக்கு, எஸ்.எஸ்.ஆர். ரிலே (ஹீட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) மாற்ற வேண்டி வந்தது. 160 டிகிரி வைத்துவிட்டுப் பக்கத்து மேஜையில் பனியன் மடித்துக்கொண்டிருந்தேன். காந்தல் வாடை வந்து திரும்பிப் பார்த்தால் டிஸ்பிளே 200-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. இந்த ரிலே போனால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். கண்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பிளேட்டைச் சூடாக விட்டுவிட்டு யாரும் டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் குவித்திருப்பது அத்தனையும் துணி.

ஆனால் என் கோபம் ரிலே மேல் இல்லை. அது தேய்கிற சாமான், மாற்றினால் முடிந்தது. இதே மெஷினை எடுக்கலாமா என்று ஈரோட்டிலிருந்து நண்பன் கேட்டிருக்கிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியது முன்பக்க வலது மூலையைப் பற்றி.

மெஷின் எல்லாரும் பார்த்திருக்கும் 15-க்கு 15 அங்குல கிளாம்ஷெல்தான், சிப்பி மாதிரி வாய் திறந்து மூடுவது. கம்பெனி பெயர் வேண்டாம். டிஸ்பிளே 160 காட்டும்போது நடுவில் 160 இருக்கும், அதில் பொய் இல்லை. முன்பக்க வலது மூலையில் அந்தச் சூடு கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே கிடையாது. தோசைக்கல்லில் நடு சிவந்து ஓரம் வெளுத்து நிற்குமே, அதேதான்.

டிடிஎஃப் வேலையில் (டிசைனை ஃபிலிமில் பிரிண்ட் எடுத்து, பசைப் பொடியோடு துணியில் அழுத்தி ஒட்டுவது) இது எப்படித் தெரியும் என்றால், பெயர்களின் கடைசி எழுத்தில். கபடி டீமுக்கு முதுகில் 'சரவணன்' என்று போடுகிறோம். 15 விநாடி அழுத்தி, ஆறவிட்டு, ஃபிலிமை மெதுவாக உரிக்கிறேன். ச, ர, வ, ண எல்லாம் துணியில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். 'ன்' வரும்போது மேலே இருக்கிற புள்ளி மட்டும் ஃபிலிமோடு கிளம்பி வந்துவிடும். புள்ளி சின்னது, அதன் அடியில் இருக்கும் பசைப் பொடியும் கொஞ்சம்தான். அந்தப் பொடி நன்றாக உருகி நூலுக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். சூடு பத்தவில்லை என்றால் முதலில் கைவிடுவது புள்ளியைத்தான். இங்கிலீஷில் பெயர் போடுகிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் பாதிகூட இருக்காது.

அப்படியானால் செட்டிங்கை 10 டிகிரி ஏற்றிக்கொள் என்பார்கள். காட்டனில் ஏற்றலாம், தாங்கும். பாலியஸ்டரில் ஏற்றிப் பாருங்கள். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை நம்பர் போட்டால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். அடுத்த நாள் ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். சூடு கூடக்கூட துணியின் சாயம் ஆவியாகி வெள்ளைக்குள் ஏறிவிடுகிறது. போதாததற்குப் பிளேட் அழுத்திய இடம் சதுரமாகப் பளபளவென்று மின்னும், அந்தத் தடம் துவைத்தாலும் போவதில்லை. மூலைக்காகச் சூட்டை ஏற்றினால் நடு கெடுகிறது, நடுவுக்காக இறக்கினால் மூலை ஒட்டுவதில்லை. டிசைனைத் தள்ளிவைத்து இரண்டாவது முறை அழுத்தித்தான் ஒவ்வொரு ஜெர்சியையும் முடிக்கிறேன். இருபது பீஸ் ஆர்டர் என்றால் நாற்பது முறை கைப்பிடியை இழுக்கிறேன் என்று அர்த்தம்.

ரிலே மாற்ற வந்த மெக்கானிக்கிடம் பிளேட்டையும் பார்க்கச் சொன்னேன். மேல் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சூடேத்துற காயில் ஓரம் வரைக்கும் வரவே இல்லீங்க, உள்ளேயே வளைஞ்சு திரும்பிருச்சு. இதை நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். வார்ப்பிலேயே அப்படி. விற்கும்போது 15-க்கு 15 என்று அட்டையில் போட்டார்கள். உண்மையில் வேலை செய்வது 13-க்கு 13 என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆத்திரம் இங்கேதான். 13 என்று சொல்லி விற்றிருந்தால் அதற்கேற்ற வேலையை மட்டும் எடுத்திருப்பேன்.

நியாயமாகச் சொன்னால் இந்த மெஷின் எனக்குக் கொடுத்தது நிறைய. திருப்பூரில் ஆயிரம் பீஸ் பிரிண்ட் போட யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஒரே ஒரு பீஸ் கேட்டுப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனி பிரேம் போட வேண்டும், ஒற்றை பனியனுக்கு அது கட்டாது. என்னிடம் ஒரு பாப்பா தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தானே கிரேயானில் வரைந்த படத்தைக் கொண்டுவந்தது. வெள்ளை பாலியஸ்டரில் சப்ளிமேஷன் (பேப்பரில் அடித்த மையைச் சூட்டால் துணிக்கு ஏற்றுவது) போட்டேன், 195 டிகிரி, 50 விநாடி. பேப்பரைத் தூக்கியபோது கிரேயான் அழுத்திக் கோடு போட்ட இடமும் லேசாக இழுத்த இடமும் அப்படி அப்படியே துணியில் இருந்தன. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. மை ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடுவதால் வெடிக்கவோ உரியவோ அதில் எதுவும் இல்லை. அந்தத் தாத்தா அந்த பனியனை இன்னும் போட்டுக்கொண்டு கடைவீதியில் நடக்கிறார், கலர் இறங்கவில்லை. இந்த மாதிரி வேலைக்காகத்தான் நான் கடையே வைத்தேன்.

மற்றதில் பெரிய குறை இல்லை. சாயங்காலம் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் ஹீட்டரின் பவர் முக்கால்வாசியாகக் குறைந்துவிடும், சூடேற நேரம் எடுக்கும். அது மெஷின் குற்றமில்லை. மழைக்காலத்தில் காட்டன் பனியனை முதலில் வெறுமனே ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். ஆவி கிளம்புவது கண்ணுக்கே தெரியும். டிசைன் மேல் போடுகிற டெஃப்லான் ஷீட், துணிக்கு அடியில் இருக்கும் சிலிகான் பேட் இரண்டும் செலவுக் கணக்கில் வைக்க வேண்டியவை. பேட் நடுவில் பள்ளமானால் எந்தச் சூட்டிலும் ஒட்டாது.

ஆகவே மச்சான், இதை எடுக்காதே. இவ்வளவு பாராட்டிவிட்டு வேண்டாம் என்கிறானே என்று நினைப்பாய். நாற்பது முறை கைப்பிடி இழுக்கிறவன் நான், என் தோள்பட்டைக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து 16-க்கு 24 எடு. ஓரத்தில் சூடு வராவிட்டாலும் 15 அங்குல அகலமுள்ள வேலைக்கு நடுவில் இடம் இருக்கும். எந்தக் கடையில் எடுத்தாலும் காசு கொடுப்பதற்கு முன்னால் நாலு மூலையிலும் ஒரு பேப்பர் துண்டு வைத்து, பிளேட்டை மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார். எது சுலபமாக வருகிறதோ அங்கே அழுத்தம் இல்லை. பிறகு சப்ளிமேஷனில் ஷீட் முழுக்கக் கறுப்பு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், வெள்ளை பாலியஸ்டர் துணியில் அடித்துக் காட்டச் சொல். மூலை வெளிறினால் துணியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்துவிடு. அட்டையில் போட்டிருக்கிற இன்ச் கணக்கை நம்பிப் பணம் கட்டாதே.