பின்னால் போகத் தெரியாத வண்டி: சைடு வீல் ஸ்கூட்டரும் நானும்

கால் ஊன்ற முடியாத எனக்காக ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் கூடுதலாகப் பொருத்திய சக்கரங்கள்தான் சைடு வீல். அதில் வலது பக்கத்ததைத் தாங்குகிற இரும்புக் குழாயில், வெல்டிங்கை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கொஞ்ச நாளாக 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். தர்மபுரியில் எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "சைடு வீல் போட்ட வண்டி எங்க லிஃப்ட்ல ஏறாதுங்ணா. வீலைக் கழட்டிட்டுக் கொண்டாங்க." வீலைக் கழற்றிவிட்டு நான் எப்படி ஓட்டிக்கொண்டு வருவது என்று கேட்டேன். அந்தத் தம்பி நிஜமாகவே யோசித்தான், பாவம்.

கடைசியில் டிராக்டர் டிரெய்லருக்குப் பற்று வைக்கிற பட்டறைக்காரர் ஒருவர்தான் கைகொடுத்தார். ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய பற்றைத் தேய்த்து எடுத்து, ஒரு இரும்புப் பட்டையையும் சேர்த்து வைத்துப் பற்றவைத்தார். அவர் வேலை செய்கிற நேரம் முழுக்க நான் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு என் வண்டியை எட்ட நின்று பார்த்தேன். தினமும் ஏறி உட்காருகிற வண்டியை அவ்வளவு நேரம் தள்ளி நின்று பார்க்க வாய்ப்பே வருவதில்லை. நல்ல வண்டிதான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

வண்டி டிவிஎஸ் ஜுபிடர், பழைய 110 சிசி மாடல். நம்ம ஓசூர்க் கம்பெனி. இரண்டு பக்கமும் வெளியே ஒரு கடையில் வாங்கிப் பொருத்திய சைடு வீல், ஆர்.சி.யில் மாற்றம் பதிவாகியிருக்கிறது. மைலேஜ், பிக்கப் எல்லாம் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சைடு வீலின் எடைக்கு மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், அதுவும் தெரிந்ததே. இன்ஜின் இதுவரை ஒரு நாள்கூட நடுவழியில் நிறுத்தியதில்லை.

எந்த விமர்சனத்திலும் நான் படித்திராத ஒரு சுகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் மூடி. ஜுபிடரில் அது வெளியே, டெயில் லைட்டுக்கு மேலே இருக்கிறது. சீட்டைத் தூக்க வேண்டியதில்லை. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர் காலைத் தாங்குகிற காலிப்பர் கருவியைப் போட்டுப் பார்த்ததில்லை. சீட்டுக்கு அடியில் மூடி இருக்கிற வண்டியில் பெட்ரோல் போட நான் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? முழங்கால் லாக்கைப் போட வேண்டும், கட்டையை எடுக்க வேண்டும், இறங்க வேண்டும், பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிக்கும்போது திரும்ப ஏற வேண்டும். 110 சிசி ஆக்டிவாவில்கூட 2020-இல் வந்த 6ஜி மாடலில்தான் மூடியை வெளியே கொண்டுவந்தார்கள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் காசை நீட்டுகிறேன், எல்லோரையும் போலப் போட்டுக்கொண்டு போகிறேன். இதை வடிவமைத்தவர் என்னை நினைத்துச் செய்திருக்க மாட்டார். புடவை கட்டிய அக்காமார்களையும் பின்சீட்டில் மூட்டை கட்டியவர்களையும் நினைத்திருப்பார். பரவாயில்லை, எனக்கும் சேர்த்து நடந்துவிட்டது.

இனி ரிவர்ஸ்.

ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கிடையாது. இது அந்தக் கம்பெனியின் குறையும் அல்ல. இரண்டு காலையும் ஊன்றி 'உந்தி' பின்னால் தள்ளக்கூடியவருக்காகச் செய்த வண்டி அது. அந்த வண்டியின் இரு பக்கமும் சக்கரம் வைத்து, கால் ஊன்ற முடியாதவனுக்குக் கொடுக்கும்போது, அந்தக் கால் செய்த வேலையை இனி யார் செய்வது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? பேலன்ஸுக்குச் சக்கரம் வைத்தார்கள். கட்டையை மாட்ட ஓரத்தில் ஒரு கொக்கி வைத்தார்கள். பின்னால் போவதை மறந்துவிட்டார்கள்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி, முகாமில் இலவசமாகக் கொடுத்தது. இண்டூர் ரோட்டு மேட்டில் அதைச் சுற்றி ஏறினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் சக்கரத்தின் மேல் கை வைத்து உருட்டினால் அது சமர்த்தாகப் பின்னால் வரும். ஓசியில் வந்த வண்டிக்குத் தெரிந்த வித்தை, காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குத் தெரியவில்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், எங்கே போனாலும் உள்ளே நுழைவதற்கு முன் வெளியே வருகிற வழியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முட்டுச் சந்து என்றால் போவதில்லை. கல்யாண மண்டபம் என்றால் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்கிறேன். வண்டி இருந்தும் நடக்கிறேன். சரிவு தெரிந்தால் மனசு குளிர்ந்துவிடும்: வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினால், கிளம்பும்போது பிரேக்கை விட்டால் போதும், வண்டி தானாகப் பின்னால் இறங்கும். தர்மபுரி டவுனில் எந்தக் கடை வாசல் எந்தப் பக்கம் சரிகிறது என்று இன்ஜினியருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சரிவில் வண்டி ஓடாமலிருக்கப் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையம் ஒன்றைப் பிரேக் பிடியில் மாட்டிவிடுவேன். அந்த வளையத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, சைடு வீல் வண்டி ஓட்டுகிற பலரிடம் பார்த்திருக்கிறேன்.

சரிவே இல்லாத இடத்தில் ஆள் பிடிக்க வேண்டும். "அண்ணா, கொஞ்சம் பின்னாடி இழுத்து விடுங்கண்ணா." நம்ம ஊரில் யாரும் மறுக்கவே மாட்டார்கள், அதை மறைக்கக் கூடாது. டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவந்தவர்கள் உண்டு. ஆனால் இழுக்கத் தெரியாமல் சைடு வீலின் மட்கார்டைப் பிடித்துத் தூக்குவார்கள், அது ஒரு நாள் கையோடு வந்துவிட்டது. சிலர் இழுத்துவிட்டு ஊர், பேர், காலுக்கு என்ன ஆச்சு, கல்யாணம் ஆச்சா என்று விசாரிப்பார்கள். உதவி வாங்கியவன் பதில் சொல்லாமல் நகர முடியுமா? யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரத்தான் வண்டியே வாங்கினேன். போகிறவரைக்கும் அது நிஜம். திரும்புகிறபோது யாராவது வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை பார்க்கிங். எனக்கு முன்னால் சுவர். பின்னால் யாரோ ஒருவர் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, ஹேண்டில் லாக்கையும் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோராலும் பைக்கைக் கொஞ்சம் நகர்த்தி எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவர் நினைப்பு. ஒரு அரசு அலுவலகத்தில் இப்படி மாட்டிக்கொண்டு, உணவு இடைவேளை முடிந்து அந்த மனிதர் வருகிற வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அங்கே சாய்தளம் உண்டு. பளபளவென்று கைப்பிடியோடு, அளவாக, 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்கிற கணக்கில் கட்டியது. பைக் ஏறிவிடக் கூடாது என்று அதன் வாயில் இரும்புக் குழாய் நட்டுவைத்திருக்கிறார்கள். குழாய்க்கு இடையே பைக் நுழைகிறது, என் வண்டிதான் நுழையவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, அதற்கான விதிகள் 2017 ஜூனில். ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் எங்களுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அந்தக் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று மூன்று மாதம் கெடு கொடுத்தது. தீர்ப்பில் குழாயைப் பற்றி ஒன்றும் இருக்காது. அந்தக் குழாயை நட்டவர் என்னை மாதிரி ஒருவரை வண்டியோடு ஒரே ஒரு தடவை கூப்பிட்டு ஏற்றிப் பார்த்திருந்தால் போதும்.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டும் குழியுமான இடத்தில் இரண்டு சைடு வீலும் மேட்டில் நின்றுகொண்டு, நடுவில் இருக்கிற பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்கச் சத்தம் மட்டும் வரும். வளைவில் சாய்க்க முடியாது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் லேசாகத் தரையை விடுவது உடம்புக்குத் தெரியும். மெதுவாகப் போங்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஒகேனக்கல்லுக்கு நான் தனியாகப் போனேன். சின்ன வயதில் சித்தப்பா முதுகில் உப்புமூட்டையாகப் போய்ப் பார்த்த இடம் அது. இந்த முறை யார் முதுகும் தேவைப்படவில்லை. அங்கே மீன் வறுத்த அக்கா, தட்டை வண்டிக்கே கொண்டுவந்து கொடுத்தார். காரம் கொஞ்சம் தூக்கல். இப்போது எங்கள் தெருவில் பஸ்ஸைத் தவறவிட்ட பையன்கள் என்னிடம்தான் லிஃப்ட் கேட்கிறார்கள்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கெழுதுகிற நண்பன் போன வாரம் போன் செய்தான். என்னைப் போலவே போலியோ. 1995-இல் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்குவதற்கு முன் பிறந்த கூட்டம். நாட்டில் இயற்கை வைரஸால் வந்த கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், அதனால் எங்கள் கூட்டத்துக்கு இனி அநேகமாகப் புது ஆள் இல்லை. ஆனால் தொப்பூர் கணவாய் மாதிரி இடங்களில் அடிபட்டு, முதுகுத்தண்டு போய் இந்த வண்டிக்கு வருகிறவர்கள் குறையவில்லை.

"வண்டி வெல எறங்கிடுச்சாமே? சொந்தக் காசுல எடுத்துடட்டுமா, இல்ல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டுக் காத்துக்கெடக்கட்டுமா?" என்றான்.

விலை இறங்கியது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்குப் பொருத்துகிற சைடு வீல் மாதிரியான கிட்டுக்கு 2021-இலேயே 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பதை நிறுத்தாதே என்றேன். அரசு கொடுத்தால் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள். இலவசமாக வருவதில் ரிவர்ஸ் இல்லையே என்று திருப்பி அனுப்பினால் அடுத்த வரிசை எப்போது வருமோ. சொந்தக் காசு என்றால் கதை வேறு. ரிவர்ஸோடு வருகிற கிட்கள் இப்போது கிடைக்கின்றன. "முதல்ல வீலைப் போடுங்க சார், ரிவர்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடு. அந்த 'அப்புறம்' வராது. வந்தாலும் குழாயை மறுபடி அறுக்க வேண்டும், வண்டியில்லாமல் வாரக்கணக்கில் வீட்டில் கிடக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் நான் இன்னும் போடாமல் இருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால்: ஸ்கூட்டருக்கு ஐந்துக்கு நாலரை. அதை எனக்காக மாற்றிய விதத்துக்கு ஒன்று. மொத்தத்தில் என் வண்டியை மாதிரி ஒன்றை வாங்காதே என்றுதான் அவனிடம் சொன்னேன். "அப்ப உன்னுத எனக்கு வித்துடறியா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். வண்டியைத் தருகிறேன், அவன் ஊருக்கே ஓட்டிக்கொண்டு போகட்டும். லோடு ஏற்ற லாரிகள் நிற்கிற நேரமாகப் பார்த்து மண்டிக்குள் ஒரு தடவை போய்த் திரும்பி வந்து பார்க்கட்டும், அதற்கப்புறம் எடுக்கட்டும் முடிவை. பெட்ரோல் அவன் செலவு.