உடலைப் பிடிக்கும் செல், நுனியைப் பிடிக்கும் செல்

மூளை அலைகளைப் (நியூரான்கள் சேர்ந்து துடிக்கும்போது எழும் தாளம்) பற்றிய பேச்சு வந்தாலே பார்வால்புமின் செல்களுக்குத்தான் முதல் மரியாதை. அது பாதி நியாயம்தான். சொமாட்டோஸ்டாட்டின் செல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். (இரண்டு பெயருமே அந்தந்தச் செல்லில் இருக்கும் புரதப் பொருளின் பெயர்.) இரண்டுமே மற்ற நியூரான்களை அடக்கும் தடுப்பு நியூரான்கள், இரண்டும் அதற்கான காபா என்ற வேதிப்பொருளைத்தான் சுரக்கின்றன. அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

மூளையின் நினைவு மையமான ஹிப்போகேம்பஸின் சிஏ1 பகுதியில், பார்வால்புமின் வகையைச் சேர்ந்த கூடைச் செல், அங்கே முதன்மையான பிரமிடு நியூரானின் செல் உடலைச் சுற்றி வளைக்கிறது. மின்துடிப்பு கிளம்பும் இடம் அதற்கு வெகு அருகில். ஒரே கூடைச் செல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரமிடு நியூரான்களைத் தொடுகிறது. அதனால் அது பிடியைத் தளர்த்தியதும் பல நியூரான்கள் சேர்ந்தே துடிக்க வாய்ப்பு. 2009-இல் சுண்டெலியின் பெருமூளைப் புறணியில் பார்வால்புமின் செல்களை மட்டும் ஒளிக்கு இசையும்படி மரபணு மாற்றி, ஒளியால் நொடிக்கு 40 முறை தூண்டியபோது, காமா எனும் வேகமான மூளை அலை வலுத்தது.

சொமாட்டோஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த ஓ-எல்-எம் (OLM) செல், பிரமிடு நியூரானின் உடலை விட்டுவிட்டு அதன் டெண்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை) நுனிகளுக்குப் போகிறது. ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்துப் பகுதியான என்டோரைனல் புறணியிலிருந்து செய்தி வந்து சேரும் இடம் அது.

இரண்டும் வேலை செய்யும் நேரமும் வேறு. நரம்பியலாளர்கள் கிளவுஸ்பெர்கர், சொமோஜி ஆகியோரின் குழு 2003-இல் மயக்கத்தில் இருந்த எலிகளில் இதைப் பதிவு செய்தது. காமாவைவிட மெதுவான தீட்டா அலை இறங்கும்போது கூடைச் செல் துடிக்கிறது, அலை அடிமட்டத்தைத் தொடும்போது ஓ-எல்-எம். ஆனால் நொடிக்கு 120-க்கு மேல் அதிரும், சற்றே நேரம் நீடிக்கும் ரிப்பிள் அலை வந்துவிட்டால் கூடைச் செல் முழு வேகமெடுக்கிறது, ஓ-எல்-எம் வாயை மூடிக்கொள்கிறது.

என்னைக் கேட்டால், இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி 2012-இல் வந்த சோதனைதான். சுண்டெலி டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு வகையாக ஒளியால் அடக்கிப் பார்த்தார்கள். பார்வால்புமினை அடக்கியபோது, தீட்டா அலையில் பிரமிடு நியூரான்கள் துடிக்கும் நேரம் அடிமட்டத்தை நோக்கி நகர்ந்தது. சொமாட்டோஸ்டாட்டினை அடக்கியபோது நேரம் மாறவில்லை. ஆனால் ஒற்றைத் துடிப்பாக வரவேண்டியது கொத்துக்கொத்தாக வெடிக்கத் தொடங்கியது. எப்போது துடிப்பது என்பதை ஒன்று தீர்மானிக்கிறது, எப்படித் துடிப்பது என்பதை இன்னொன்று.

சரி, தாளமாவது பார்வால்புமினுக்கு மட்டும் சொந்தமா? அதுவும் இல்லை. சுண்டெலியின் பார்வைப் புறணியில், பெரிய கோட்டு வடிவங்களைப் பார்க்கும்போது எழும் காமா அலை, சொமாட்டோஸ்டாட்டின் செல்களை அடக்கினால் தணிந்துவிடுகிறது. 2017-இல் வெளிவந்த முடிவு இது. இன்றும் பல கணினி மாதிரிகள் ஒரே ஒரு வகைத் தடுப்புச் செல்லை வைத்து காமாவை விளக்கப் பார்க்கின்றன. நுனியையும் சேர்க்காத மாதிரியை நான் நம்ப மாட்டேன்.