நிலாவெளியில் 11 போத்தல்

ஆடியில் ஊருக்கு, திருகோணமலைக்குப் போய் வந்தேன். கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, சொந்தக்காரர் வீடு எல்லாம் ஒரு குறையும் இல்லை. அதை விடுங்கள், தண்ணீர்ப் போத்தல் கதைக்கு வருகிறேன்.

நிலாவெளியில் பச்சை இலைப் படம் போட்டு, 'இயற்கையோடு இணைந்த தங்குமிடம்' என்று விளம்பரம் செய்த ஒரு விடுதியைப் பதிந்திருந்தேன். குளியலறையில் ஓர் அட்டை: துவாயை மறுபடியும் பாவித்துக் கடலைக் காப்பாற்றுங்கள். சரி என்று கொடியில் போட்டேன். மேசையில் பார்த்தால் அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் நாலு. குடிக்கக் குடிக்கப் புதிது வரும். மூன்றாம் நாள் வெறும் போத்தல்களை எண்ணினேன்: 11.

ஒஸ்லோவில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறவன் நான். அங்கே வெறும் போத்தலைக் கடை இயந்திரத்தில் போட்டால் காசு திரும்ப வரும். தெருவில் ஒன்று கிடந்தால் யாராவது பொறுக்கிவிடுவார்கள். என் எவர்சில்வர் போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"தம்பி, இதுக்குள்ள நிரப்பித் தாங்கோ."

"பில்டர் தண்ணி எங்களுக்குத்தான் சேர். வெளிநாட்டு ஆக்களுக்குச் சீல் உடைக்காததுதான் குடுக்கச் சொல்லியிருக்கு."

"நான் இங்க உவர்மலையில பிறந்தவன், தம்பி."

"எண்டாலும் சேர்..."

அந்த 'எண்டாலும்' இன்னும் காதில் நிற்கிறது. அப்பம்மா வீட்டு விறாந்தையில் மண்பானையும் செம்பும் இருக்கும். தபால்காரர் முதல் மீன் விற்க வருகிறவர் வரை அதில் குடிக்காதவர் இல்லை. சீலாவது மண்ணாவது!

வெறும் போத்தல் எங்கே போகிறது என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நிலத்தில் வெட்டிய ஒரு கிடங்கு, அதற்குள் பாதி எரிந்து சுருண்ட பிளாஸ்ரிக், சுற்றிவர நீல மூடிகள். கடல் கூப்பிடு தூரம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற மாதம் வேறு. கடலைக் குளம்போல வைத்து வெள்ளைக்காரரைக் கூட்டி வருகிற காற்றே இந்தக் குப்பையையும் கடலுக்குள் தள்ளுகிறது.

மறுநாள் புறாமலைத் தீவுக்குப் போனோம். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். சின்ன வயதில் நினைத்தபோது போன இடம். 2003இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. என் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க் காசைவிடப் பல மடங்கு. போகட்டும், முருகைக்கல்லுக்கு, அதுதான் பவளப்பாறைக்குத்தானே.

பாதி வழியில் படகுக்காரர் எஞ்சினைக் குறைத்து, படகை வளைத்து, மிதந்து வந்த போத்தல் ஒன்றை எட்டி எடுத்தார். நீல மூடி. இருக்கைக்குக் கீழே ஏற்கெனவே ஏழெட்டுக் கிடந்தன.

"ஒவ்வொரு நாளும் இதுதான் அண்ணை," என்றார். நான் வாய் திறக்கவில்லை. என் மகன் தண்ணீரில் இறங்கும்போது, "கல்லில கால் வைக்காதேங்கோ, அது உயிருள்ளது" என்று இரண்டு தரம் சொன்னார். திரும்பும்போது தன் கேனிலிருந்து என் போத்தலை நிரப்பித் தந்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீராம். இலேசாக உவர்த்தது. ஒரே மூச்சில் குடித்தேன்.

அறைக்கு வந்தால் மேசையில் புதிதாக நாலு.

கிளம்பும்போது விடுதிக்காரர் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார். துவாய்க்காக ஒன்று போட்டிருக்கிறேன்.