கேட்டோ யுனிட்ராக்: திருகோணமலைக் கடற்காற்றில் எப்படி ஓடுகிறது?

திருகோணமலையில் மாதிரிப் புகையிரதப் பாதை போடத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது ஜப்பானின் கேட்டோ நிறுவனத்து யுனிட்ராக். இது 'N' என்ற மாதிரி அளவு (1:160), இரு தண்டவாளங்களுக்கும் இடையே 9 மி.மீ. தண்டவாளம், சிலிப்பர் கட்டை, சல்லிமேடு எல்லாம் ஒரே துண்டாக வருவதால் ஆணியும் பசையும் வேண்டாம். சீமெந்துத் தரையில் பூட்டி ஓட்டிவிட்டு, கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். தண்டவாளம் நிக்கல் சில்வர், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு உலோகம். உவர்மலை, திருக்கடலூர், உப்புவெளி என்று எங்கே குடியிருந்தாலும் கடற்காற்று வீட்டுக்குள் வரும் ஊரில் இது பெரிய விஷயம். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும், பித்தளை சீக்கிரமே கறுத்து மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வரும் மங்கத்தான் செய்யும், ஆனால் துடைத்தால் போய்விடும்.

வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்ஓயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக நம் ஊருக்கு வருவது 1676 மி.மீ. அகலப் பாதை. அதை 1:160 அளவில் சுருக்கினால் ஏறத்தாழ 10.5 மி.மீ. வரவேண்டும். ஆகவே 9 மி.மீ. பாதையில் எந்த இலங்கை எஞ்சினைச் செய்து வைத்தாலும் சில்லுகள் கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரியும். அது கண்ணை உறுத்தும் என்றால் கையால் தண்டவாளம் கட்டப் பழகுங்கள். இரண்டடி தள்ளி நின்று ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

துண்டுகளை இணைப்பது யுனிஜொயினர். வெளியே பிளாஸ்டிக் கொக்கி, உள்ளே மெல்லிய உலோகத் தகடு. பாதை பிடிப்பாக நிற்பதும் மின்சாரம் கடப்பதும் இதால்தான்; கோளாறுகளில் பெரும்பகுதியும் இங்கேதான். இரு துண்டுகளையும் சமதரையில் வைத்து நேராகத் தள்ளுங்கள், 'டிக்' என்று விழும். கையில் தூக்கிச் சரித்துப் பூட்டினால் தண்டவாளத்தின் அடிப்பகுதி தகட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் ஏறிவிடும். பார்வைக்குச் சரியாகப் பூட்டியது போலவே இருக்கும். தண்டவாளத்தின்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். மூட்டில் நகம் தட்டினால் கழற்றி மறுபடி பூட்டுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் அந்த இடத்தில் துள்ளும் அல்லது நின்றுவிடும். கழற்றும்போது மூட்டின் இருபுறமும் பிடித்து நேராக இழுங்கள். மடக்கினால் தகடு விரிந்து தொடுகை தளரும். பலமுறை கழற்றிய ஜொயினரும் தளரத்தான் செய்யும். 20 கொண்ட பைக்கற்று தனியாகக் கிடைக்கிறது, தண்டவாளத்தோடு சேர்த்தே ஓடர் செய்யுங்கள்.

பாதை இரண்டாகப் பிரியும் பொயின்ட் விஷயத்தில் 6ஆம் இலக்கத்தையே வாங்கச் சொல்வோம். 4ஆம் இலக்கம் 126 மி.மீ. நீளம், திரும்பும் ஆரை 481 மி.மீ.; இடம் மிச்சம். ஆனால் அதன் அசையும் நாக்கின் நுனி பக்கத்துத் தண்டவாளத்தோடு முழுமையாக ஒட்டாமல் துருத்தி நிற்பதுண்டு. முன்னிருந்து வரும் சில்லின் விளிம்பு அதில் ஏறி வண்டி கவிழும். நாக்கு ஒட்டும் இடத்தில் பக்கத் தண்டவாளத்தை ஊசி அரத்தால் சிறிது தேய்த்துப் பள்ளம் எடுத்தால் சரியாகும். கை நடுங்காதவர் செய்யலாம். 6ஆம் இலக்கம் 186 மி.மீ., ஆரை 718 மி.மீ.; நீளமான பெட்டிகளும் அலுங்காமல் திரும்பும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பாதைக்கே மின்சாரம் விடும். ஒரு வண்டியைப் பக்கப் பாதையில் நிறுத்தி வைக்க இது வசதி. இரு பொயின்ட்டுகளும் உள்ளே இருக்கும் சுருளால் இயங்குகின்றன. 12 வோல்ட் ஒரு கணம் போனால் போதும். சாதாரண சுவிட்சைப் போட்டு அழுத்திக்கொண்டே இருந்தால் சுருள் எரிந்துவிடும். கேட்டோவின் சொந்த நெம்பு சுவிட்சை வாங்குங்கள், அது தானாகவே ஒரு துடிப்பு மட்டும் அனுப்பும்.

மின்சாரத்தில் மிகக் கவனம். ஜப்பானிய வீட்டுக்கென்று விற்கும் செட்டில் வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம்முடையது 230. தட்டைக்கால் பிளக்கை மல்டி பிளக்கில் செருகி 13 அம்பியர் சொக்கற்றில் போட்டால் அதோடு அது முடிந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கொன்ட்ரோலர் இல்லாத செட்டை வாங்கி, 230 வோல்ட்டுக்கான கொன்ட்ரோலரைத் தனியாக எடுப்பது நல்லது. கையால் செய்வதானால் 15 வோல்ட் டீசி அடாப்டர், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் எல்எம்317 ஐசி, 240 ஓம் ரெசிஸ்டர், திருகி மாற்றும் 2 கிலோ ஓம் வொலியூம், முன்பின் மாற்ற இருமுனை இருவழி சுவிட்ச் ஒன்று. ஏறத்தாழ 11.7 வோல்ட் வரை கிடைக்கும், N அளவு எஞ்சினுக்குப் போதும். எல்எம்317க்குச் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் கட்டாயம். மெதுவாக ஓட்டும்போதுதான் அது அதிகம் சுடும்.

யுனிட்ராக்கின் உண்மையான பலம், பலர் தனித்தனியாகச் செய்து ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவதில். டீ-ட்ராக் என்ற பெட்டி முறை இந்தத் தண்டவாளத்தை வைத்தே எழுந்தது. ஒரு பெட்டி 308 மி.மீ. நீளம், அதன்மேல் 248, 62 மி.மீ. நேர்த்துண்டுகள் இரண்டும் சேர்ந்து 310. ஒவ்வொரு முனையிலும் 1 மி.மீ. பாதை வெளியே நீண்டிருக்கும். இரட்டைப் பாதையின் இடைவெளி 33 மி.மீ.; மூலைப் பெட்டி 365 மி.மீ. சதுரம், உள்ளே ஆரை 282, வெளியே 315. பெட்டிகளைப் பிடித்து வைப்பதும் யுனிஜொயினர்தான், வேறு கிளாம்ப் வேண்டாம். நாலு மூலைப் பெட்டி சேர்ந்தாலே ஒரு சுற்று. நிலாவெளியில் ஒருவர், நகரில் இருவர், சீனக்குடாவில் ஒருவர் என்று செய்து ஓட்டோவில் கொண்டுவந்து பாடசாலை மண்டப மேசையில் பூட்டலாம்.

அந்த 1 மி.மீ.தான் இங்கே சோதனைக்குள்ளாகும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் செய்த பெட்டி கார்த்திகை, மார்கழி மழை ஈரத்தில் ஊதி, பக்கத்துப் பெட்டியை முட்டி, பாதை மூட்டைப் பிரித்துவிடும். 9 மி.மீ. பிளைவூட் எடுத்து, வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு தடவை பூசுங்கள். நாலு மூலையிலும் எம்6 போல்ட் வைத்து உயரத்தை 70 முதல் 100 மி.மீ. வரை திருகிச் சமப்படுத்தலாம். மேடு பள்ளத்துக்கு ரெஜிஃபோம் நல்லது; தின்னர் கலந்த பசையும் ஸ்பிரே பெயின்டும் அதைக் கரைத்துவிடும், பைண்டர் கம்மே போதும். வயரிங்கில் எல்லோரும் ஒரே ஒழுங்கு: வெளித்தண்டவாளங்களுக்கு நீலம், உள்ளிரண்டுக்கும் வெள்ளை. ஒருவர் மாற்றிக் கொடுத்தால் சேர்த்த கணமே ஷோர்ட் ஆகும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசிதான் எதிரி. ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட பருத்தித் துணியால் துடையுங்கள். மண்தாளை நினைத்தும் பார்க்காதீர்கள், அதன் கீறல்களில் அழுக்கு அடையும். எஞ்சின் சில்லுகளுக்கு, அதே அல்ககோலில் நனைத்த டிஷ்யூவைப் பாதையின் குறுக்கே போட்டு எஞ்சினின் முன்முனைச் சில்லுகளை அதன்மேலும் பின்முனைச் சில்லுகளை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். டிஷ்யூவில் கறுப்புக் கோடுகள் விழும். பிறகு திருப்பி வைத்து மறுமுனை.

முதல் ஓடருக்கு எட்டு ஆர்315-45 (ஆரை 315 மி.மீ., 45 பாகை) வளைவுகள், நாலு 248 நேர்த்துண்டுகள், மின்சாரம் கொடுக்கும் 62 மி.மீ. பீடர் துண்டு ஒன்று, அதன் எதிர்ப்பக்கத்துக்குச் சாதாரண 62 ஒன்று, ஒரு பைக்கற்று ஜொயினர். மேசை 70 செ.மீ.க்குக் குறையாத அகலம் வேண்டும்.