எம்.ஜி.பி. காரின் கூரை முனகல்: ஏழு வருட அனுபவம்

நிலாவெளி வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது என் காருக்குள் இன்று இயந்திரச் சத்தமும் காற்றின் இரைச்சலும் மட்டும்தான் கேட்கின்றன. இந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு ஏழு வருடங்கள் ஆயின. 2018இல் கொழும்பில் 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (நிரந்தரக் கூரை இல்லாத கார்) ஒன்றை, கழற்றி மாட்டும் ஹார்ட் டொப்புடன், அதாவது விறைப்பான கூரையுடன் வாங்கி, திருகோணமலை உவர்மலையில் உள்ள வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஹபரணை தாண்டியதும் கூரை முனகத் தொடங்கியது. கந்தளாய்க்கு வரும்போது முனகலோடு கடகடப்பும் சேர்ந்துகொண்டது. வீட்டு வாசலில் இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்ட கார். இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ரோட்ஸ்டருக்கு நிரந்தரக் கூரை இல்லாததால் வலுவில் பெரும்பங்கு கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற தகடுகளில்தான் இருக்கிறது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் உடல் சற்று முறுகும். முறுகும்போது முன்கண்ணாடிச் சட்டமும் பின்புறமும் ஒரே மாதிரி அசைவதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே வைத்த விறைப்பான மூடிதான் இந்தக் கூரை. அதை அசையவே விடக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் என் முதற்பிழை.

முன்னால் கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்கும் இரண்டு கொளுவிகள், கதவுகளுக்குப் பின்னால் பக்கத்துக்கொரு பொல்ட், பின்னால் உடலில் உள்ள கூடுகளில் செருகும் இரண்டு உலோக நாக்குகள். கூரையைத் தாங்குவது இவ்வளவுதான். முதல் வருடம் முழுவதும் ஸ்பனரும் கையுமாக இவற்றை இறுக்கினேன். இறுக்கிய அன்று சத்தம் குறையும். நான்காம் நாள் முன்பைவிடக் கூடும். ஒருநாள் இடது கொளுவியைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. கொளுவியைக் கழற்றிப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய பொல்ட் துளை புளியங்கொட்டை வடிவில் நீண்டிருந்தது. உள்ளே கறுப்பு மாவு போலத் தூள். விரலில் தேய்த்தால் பென்சில் கரி போல ஒட்டியது. அது ரப்பர் அல்ல, அலுமினியம் உரசி உதிர்ந்த தூள்.

எம்.ஜி.பி.யின் இந்தக் கூரை பைபர் கிளாஸ். திருகோணமலையில் பைபர் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் கார் கராஜுக்குப் போக வேண்டியதில்லை. திருக்கடலூரில் மீன்பிடிப் படகுகளைத் திருத்தும் ஓர் ஐயாவிடம் கூரையைக் கொண்டுபோனேன். துளையை ஒரு தடவை பார்த்தார், வெடிப்பைப் பெருவிரல் நகத்தால் வருடினார். "தம்பி, பைபரை இறுக்கிப் பிடிக்க முடியாது. பரப்பித்தான் பிடிக்க வேண்டும்" என்றார். பழைய துளையை நாரும் ரெசினும் வைத்து நிரப்பி, காய்ந்ததும் புதிதாகத் துளைத்தார். வாஷருக்குப் பதிலாக உள்ளங்கையளவு துருப்பிடிக்காத தகட்டை உட்பக்கம் வைத்தார். இனி எவ்வளவு இறுக்குவது என்று கேட்டேன். கையால் இறுக்கி, பிறகு ஸ்பனரால் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம் என்றார். அந்தத் துளைகள் இன்றுவரை அசையவில்லை.

அவர் சொன்ன பிறகுதான் சத்தத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். முனகல் வேறு, கடகடப்பு வேறு. இரண்டு பரப்புகள் அழுந்தி ஒட்டும், இழுபடும், திடீரென வழுக்கும், மீண்டும் ஒட்டும். அதுதான் முனகல், வயலின் வில் தந்தியில் செய்வதும் இதையே. கடகடப்புக்குக் காரணம் இடைவெளி: கடினமான இரண்டு பொருள்கள் தொட்டும் தொடாமலும் நின்று மோதுகின்றன. முனகும் இடத்துக்கு வழுக்கல் வேண்டும், கடகடக்கும் இடத்துக்கு நிரப்பல் வேண்டும். நான் இரண்டுக்கும் ஒரே மருந்தாக இறுக்கிக்கொண்டிருந்தேன்.

இடம் கண்டுபிடிப்பதற்கு அக்காவின் மகன் உதவினான். நான் ஓட்ட, அவன் ஒரு மீற்றர் நீளமான தோட்டக் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கூரையின் ஓரத்திலும் வைத்துக் கேட்டான். கிண்ணியாப் பாலம் இதற்கு அருமையான இடம். 2009இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான பாலம். ஒரே வேகத்தில் போனால் பாலத்தின் இணைப்புகள் தாளம் தப்பாமல் காரைத் தட்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் குழாயை நகர்த்தலாம். மூன்றாம் முறை போய்த் திரும்பும்போது, "மாமா, இது கூரையே இல்லை. உங்கள் பக்கக் கதவுக் கண்ணாடி" என்றான். அவன் சொன்னது சரி. கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தின் வெல்வெட் தேய்ந்துபோயிருந்தது. நான் கூரைமேல் போட்ட பழியில் பாதி கதவுக்குரியது. தடத்தை மாற்றியதும் கடகடப்பு பெரிதும் அடங்கிவிட்டது. கூரையைத் தொடுவதற்கு முன் கதவுக் கண்ணாடியை ஒருமுறை முழுவதும் இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மீதியைச் சோக்குக் கட்டி காட்டிக்கொடுத்தது. கூரையின் ரப்பர் முழுவதிலும் வெள்ளைச் சோக்கைப் பூசி, கூரையை மாட்டி, கழற்றினேன். கண்ணாடிச் சட்டத்தின் மேல் வெள்ளைக் கோடு நடுவில் தடித்து, இரண்டு மூலையிலும் அறுந்து, உடைந்த வளையல் போலக் கிடந்தது. நடுவில் கூரை சட்டத்தின்மேல் கிடந்து அரைந்திருக்கிறது. மூலைகளில் ரப்பர் தொடவேயில்லை. இங்கிலாந்திலிருந்து எம்.ஜி.பி.க்கென்றே செய்யப்பட்ட முன் ரப்பரை வரவழைத்து, மூலைகளில் அடியில் மெல்லிய பட்டை கொடுத்து உயர்த்தினேன். பக்கங்களுக்கு இங்கே கிடைத்த சாதாரண ஸ்பொஞ் பீடிங் பட்டையை ஒட்டிச் சிக்கனம் பார்த்தேன். ஒரே கச்சான் காற்றுக் காலத்தில் அது பொரிந்த அப்பளம் போலாகிவிட்டது. அதையும் பிறகு வரவழைக்க வேண்டியதாயிற்று. ரப்பரில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

வழுக்கலுக்குப் பலரும் சொன்ன மருந்து தேங்காய் எண்ணெய். இரண்டு நாள் அமைதி, பிறகு புழுதி ஒட்டிச் சேறாகி முன்பைவிட மோசம். பெற்றோலிய கிரீஸ் பூசவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். சிலிக்கோன் கிரீஸ்தான் சரியான பொருள். அது எங்கே கிடைக்கும் என்று கொழும்புவரை விசாரித்தேன். கடைசியில் உப்புவெளியிலேயே கிடைத்தது. கடலுக்கடியில் சுழியோடுகிறவர்கள் தங்கள் கருவிகளின் ரப்பர் வளையங்களுக்குப் பூசுவது அதே கிரீஸ். ஒரு சின்னக் குப்பி எனக்கு ஒன்றரை வருடம் வருகிறது. துணியில் தொட்டு, ரப்பர் மினுங்கும் அளவுக்கு மட்டும் பூசித் துடைத்துவிட வேண்டும்.

பின் நாக்குகளில் உலோகம் உலோகத்தோடு உரசியது. சைக்கிள் டியூப் துண்டை வைத்தேன். அது தானே கீச்சிட்டது. தடித்த கம்பளித் துணி வைத்தேன். உப்பு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாக்கைத் துருவாக்கியது. கடைசியில் பழைய மண்ணெண்ணெய்க் கானிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் பட்டைதான் நின்றது. அந்தப் பிளாஸ்டிக் இயல்பிலேயே வழுக்கும், நீர் உறிஞ்சாது. நாக்கின் அளவுக்கு வெட்டி, கொதிநீரில் அமிழ்த்தி வளைத்து வைத்தேன். நான்கு வருடத்தில் ஒருமுறைதான் மாற்றியிருக்கிறேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கண்ணாடிச் சட்டம் அலுமினியம். அதில் துருப்பிடிக்காத இரும்பு ஆணியை நேரே பூட்டினால், உப்புக் காற்றில் அரிபடுவது ஆணி அல்ல, சட்டம். வெள்ளைப் பொடி பூத்து, துளை பெருத்து, கடகடப்பு திரும்பி வரும். ஒவ்வொரு ஆணிக்கும் நைலோன் வாஷர் போட்டிருக்கிறேன்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கார் மாதக்கணக்கில் கொட்டகையில் கூரையோடு நின்றது. திரும்ப எடுத்தபோது ரப்பர் பெயின்டில் ஒட்டிக்கொண்டு, உரித்த இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அதன்பின் ஓடாமல் நிற்கும் நாட்களில் முன் கொளுவிகளைத் தளர்த்தி, ரப்பருக்கு டல்க் பவுடர் தூவிவிடுகிறேன். ஒக்டோபரில் வாடை மழை தொடங்குமுன் ஒருமுறை, மே மாதத்தில் கச்சான் வீசத் தொடங்குமுன் ஒருமுறை கூரையை முழுவதும் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். மாட்டும்போது கார் சமதரையில் நான்கு சக்கரங்களிலும் நிற்க வேண்டும். ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டினால் முறுகிய உடலுக்குப் பொருந்தியபடி கூரை இறுகும், இறக்கியதும் முனகும். முதலில் பின் நாக்குகள், அடுத்து முன் கொளுவிகள், பக்கப் பொல்ட்டுகள் கடைசியில்.

ஒரே ஓர் இடத்தில் இன்னும் முனகுகிறது. உவர்மலை ஏற்றத்தில் எங்கள் படலைக்குள் சரிவாகத் திரும்பும்போது இடது முன்சக்கரம் முதலில் ஏறும். அப்போது ஒரே ஒரு முனகல். கூரையில் இனித் தேட எதுவும் இல்லை, உடல் முறுகுகிறது. கதவுக்குக் கீழே உள்ள தகடுகள் துருப்பிடித்து வலுவிழந்தால்தான் இந்த முறுகல் கூடும். அதனால் மாதம் ஒருமுறை, காரை அந்த இடத்திலேயே நிறுத்தி, கதவின் பின் ஓர இடைவெளியில் ஒரு ரூபாய்க் குற்றியை நுழைத்துப் பார்க்கிறேன். மேலும் கீழும் ஒரே இறுக்கத்தில் போகிறது.